வகுப்பு நேரத்தில் வாசலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளிடம் விவரம் கேட்டுச் செய்தி அனுப்பும் அலுவலர்களுக்கும், கையெழுத்து வாங்க வரும் பெற்றோருக்கும் ஆச்சி தாத்தாமாருக்கும், கோயில் கொடை விழாக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும், நோட்டுப் புத்தகம் கொடுக்க வரும் நல்ல மனசுக்காரர்களுக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கம், மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி. நாலும் ஐந்தும் தலைமை ஆசிரியர் பார்க்கிறார். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம்.

இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். காலை 9.30 முதல் 12.30 வரை வகுப்பை எங்களிடம் விட்டுவிடுங்கள். அந்த மூன்று மணி நேரத்துக்குள் போனிலும் வர வேண்டாம், நேரிலும் வர வேண்டாம், மைக்செட்டிலும் வர வேண்டாம். ஆபத்து, அவசரம் என்றால் தாராளமாக வாருங்கள். அதற்கு நேரம் காலம் கிடையாது.

இடைஞ்சலே இல்லாத பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்கிற ஆள் நான் இல்லை. எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடைக்கவும் கிடைக்காது. ஜூனில் பள்ளி திறந்த கையோடு மேற்கே இருந்து காற்று இறங்கும். காலையில் சுவரில் ஒட்டிய எழுத்து அட்டை சாயங்காலம் வேப்பமரத்தடியில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், வந்த பாதி நனைந்து நடுங்கும். கரண்டு போகும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளையும் எடுக்கும். ஒன்றாம் வகுப்பில் பல் விழுவது ஒரு பெரிய நிகழ்ச்சி. விழுந்த பல்லை எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை கூட்டல் கணக்கு நடக்காது. இதெல்லாம் எங்கள் வேலைக்குள் சேர்த்தி. யாரும் யாரையும் நொந்துகொள்ள முடியாது.

குரங்கு வந்த கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் பத்து மணி வாக்கில் ஓட்டின் மேல் தடதடவென்று சத்தம். பார்ப்பதற்குள் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. "டீச்சர், கொரங்கு வந்துட்டு!" என்று பிள்ளைகள் மேசை மேல் ஏறிவிட்டார்கள். விரட்டினால் பாய்ந்து கடிக்கும் என்பது இந்த ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளை இறக்கி ஒரு மூலையில் சேர்த்து வைத்துக்கொண்டு, கதவை அகலத் திறந்து விட்டு நின்றேன். அது ஒரு அவசரமும் இல்லாமல் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் எங்கே பாடம்? சரி என்று, மூன்றாம் வகுப்பை "என்னென்ன எடுத்துச்சுன்னு எழுதுங்க" என்றேன். இரண்டாம் வகுப்பு படம் வரைந்து பெயர் எழுதியது. ஒன்றாம் வகுப்புக்கு ஓட்டின் மேல் எத்தனை குரங்கு, எத்தனை வால், எத்தனை கை என்று எண்ணும் வேலை. மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தாள்: "குரங்கு என் ரப்பரை எடுத்தது. கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை. கீழே போட்டது. இப்போது அது ரப்பர் இல்லை." கடைசி வரியை நான் திருத்தவில்லை. திருத்த அதில் என்ன இருக்கிறது?

குரங்கு வந்தால் வகுப்பு முழுக்கக் குரங்கைப் பார்க்கிறது, நானும் பார்க்கிறேன். எல்லார் கவனமும் ஒரே இடத்தில் இருப்பதால் அதையே பாடமாக்கிவிடலாம். போன் வந்தால் அப்படி இல்லை. நான் மட்டும் கழன்று வேறு எங்கோ போய்விடுகிறேன், பிள்ளைகள் விட்ட இடத்திலேயே நிற்கிறார்கள். திரும்பி வந்தால் அவர்களும் அங்கே இல்லை. நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இந்த வித்தியாசம்தான்.

பெரிய இடைஞ்சல்களையும் நாம் பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பழைய கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். எத்தனையோ பள்ளிகளில் இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்தும், வராந்தாவில் வைத்தும் நடத்தினோம். யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்தால் அது மனுசத்தனம் இல்லை. இரண்டே வருடத்தில், 2023 டிசம்பர் 17, 18-இல் அந்த மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. பள்ளிக்கூடங்களில் சனங்கள் தங்கினார்கள். புத்தகம் நனைந்து ஊறிப்போன பிள்ளைகளுக்கு அட்டையில் எழுதிக் கொடுத்துப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்போதும் ஒருவரும் மடல் எழுதவில்லை. நான் இப்போது எழுதுவது, காத்திருக்கக்கூடிய வேலை காத்திருக்காமல் வருவதைப் பற்றி.

என் அறைக்குள் காலையில் என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் இது புரியும். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கைவர வேண்டும் என்று 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறோம். அரும்பு நிலையில் எழுத்தைத் தெரிந்துகொள்வது. திட்டத்தில் குறை நிறை இரண்டும் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். அரும்பில் ஒரு பையன் இருக்கிறான். "ப" தெரியும், "ட்" தெரியும், "ட" தெரியும், "ம்" தெரியும். நாலையும் தனித்தனியாகச் சொல்வான். சேர்த்துச் சொல் என்றால் என் முகத்தைப் பார்ப்பான். பல நாள் இப்படியே போனது. ஒரு நாள் காலையில் அவன் விரல் அட்டையில் நகர்கிறது, உதடு அசைகிறது, சத்தம் இன்னும் வரவில்லை. "பட்..." என்று தொடங்குகிறான். அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியரின் போன் அலறுகிறது. அவர் வாசலில் வந்து, "டீச்சர், பேங்க் கணக்கு இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், உடனே கேக்காங்க" என்கிறார். பாவம், அவர் என்ன செய்வார்? நான் பதிவேட்டைத் திறந்து எண்ணிச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். பையன் மறுபடியும் "ப... ட்... ட... ம்" என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நான் திசையன்விளைப் பக்கம் பனங்காட்டு ஊரில் பிறந்தவள். கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் வீட்டில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பதநீர் மணிக்கணக்கில் கொதிக்கும். அப்போது யார் வந்து பேசினாலும் பதில் வரும். பாகு பதத்துக்கு வருகிற நேரத்தில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்போது விட்டால் சட்டி முழுக்கப் போச்சு. எங்கள் வேலையிலும் பதம் வருகிற நேரம் உண்டு. அது எப்போது வரும் என்று எனக்கே முன்கூட்டித் தெரியாது. காலையில்தான் அதிகம் வரும் என்பது மட்டும் தெரியும். வயிற்றில் காலை உணவு இருக்கிறது, வெயில் ஏறவில்லை, சண்டை இன்னும் தொடங்கவில்லை. மதியச் சோற்றுக்கு மேல் என்னதான் ஆடிப் பாடினாலும் பாதிக் கண்கள் சொருகும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணை, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்கிறது. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு நாலு மணி. அதே அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். எனக்கு மூன்று வகுப்பு என்பதால், ஒரு வகுப்புக்கு நான் முழுசாகக் கிடைப்பது ஒரு மணி இருபது நிமிடம். அதற்குள்தான் தமிழ், கணக்கு, ஆங்கிலம் எல்லாம். சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்வி சாராத பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. விவரம் தருவது கல்விப் பணிதானே என்பீர்கள். இருக்கட்டும். சட்டத்தை வைத்துச் சண்டை போட நான் வரவில்லை. அந்த நாலு மணியில் மூன்றை மட்டும் கேட்கிறேன்.

அலுவலர்களே, உங்களிடம் முதலில். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு அலுவலகம் மட்டும்தான் குற்றவாளி போல ஆகிவிடும். காலை பத்து மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது: "மிக மிக அவசரம். 11 மணிக்குள் விவரம் அனுப்பவும்." பத்தே முக்காலுக்கு, அனுப்பாத பள்ளிகளின் பட்டியல் சிவப்பு நிறத்தில் வருகிறது. கேட்கிற விவரம் என்னவென்று பார்த்தால், கழிப்பறை எத்தனை, சுற்றுச்சுவர் இருக்கிறதா, ஒன்றாம் வகுப்பில் ஆண் எத்தனை பெண் எத்தனை. இதெல்லாம் பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் (EMIS) இணையதளத்தில் நாங்களே ஏற்றி வைத்தவை, ஒரு சொடுக்கில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை. போன வாரம் இருந்த சுற்றுச்சுவர் இந்த வாரம் எங்கே போகப்போகிறது?

உங்களுக்கு மேலே ஒருவர் கேட்கிறார், அவருக்கு மேலே இன்னொருவர் கேட்கிறார் என்பது தெரியாமல் இல்லை. உங்கள் மேசையில் பத்து மணி என்பது நாள் தொடங்கும் நேரம். எங்களுக்கு அது நாளின் நடு. அதனால் இப்படிச் செய்ய முடியுமா? எமிஸில் இருப்பதை எமிஸிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாததை மதியம் மூன்று மணிக்கு மேல் கேளுங்கள், மறுநாள் மாலை நாலு மணி வரை கெடு கொடுங்கள். எந்தக் கோப்பும் இதனால் கெட்டுப்போகாது. உண்மையாகவே அவசரம் என்றால் செய்தி போடாதீர்கள், தலைமை ஆசிரியரை ஒரு முறை கூப்பிட்டுச் சொல்லுங்கள். எல்லாச் செய்தியும் "மிக மிக அவசரம்" என்று வந்தால், நிஜமாக அணை திறக்கிற அன்றைக்கு எந்தச் சொல்லைப் போடுவீர்கள்?

கூட்டங்களும் அப்படித்தான். ஈராசிரியர் பள்ளியில் ஒருவரைக் காலைக் கூட்டத்துக்கு அழைத்தால் அன்று அது ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அன்றைக்கு நான் செய்வது கற்பித்தல் இல்லை, மேய்த்தல். மூன்று மணிக்குக் கூட்டம் வையுங்கள், நாங்கள் ஆறு மணி வரை இருந்து கேட்கிறோம். பேருந்து இல்லாத ஊர்க்காரர்கள் என் மேல் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

அடுத்து, கையெழுத்துக்கு வருகிறவர்கள். இவர்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இவர்களுக்கும் நேரம் கிடையாது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் தட்டை வைத்தால் எழுந்திருக்காமல் சுற்றினால்தான் கணக்கு வரும். சுற்றியதைக் கடையில் கொண்டு கொடுக்கிற நேரமும் அவர்கள் கையில் இல்லை. அந்த அலைச்சலுக்கு நடுவில், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைப் படிவத்தோடு ஒரு அம்மா பதினொரு மணிக்கு வாசலில் வந்து நிற்பார். "டீச்சரம்மா, ஒரே ஒரு கையெழுத்து. ரெண்டு நிமிசம்." விரல் நுனியில் இலைக்கறை இருக்கும். இவரைப் போய் எப்படித் திருப்பி அனுப்புவது? ஆனால் அந்த ரெண்டு நிமிடத்தில் வகுப்பு கலைந்துவிடுகிறது. சேர்க்கை எண்ணைத் தேட வேண்டும், முத்திரை தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும், அதற்குள் அந்த அம்மாவின் பிள்ளை எழுந்து போய் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மறுபடி எல்லாரும் உட்காரக் கால் மணி.

அம்மாமாரே, ஆச்சிமாரே, இப்படிச் செய்வோம். காலை உணவுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறீர்கள் அல்லவா, அப்போதே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். அன்று சாயங்காலமே பிள்ளை கையில் கையெழுத்தும் முத்திரையுமாக வந்து சேரும். உங்களுக்கும் இன்னொரு நடை மிச்சம். ஆதாரில் விரல்ரேகை புதுப்பிக்க ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே சொல்லுங்கள், அன்றைய பாடத்தை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்கிறேன். குலதெய்வம் கும்பிடப் போவதையும் அப்படியே. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும், அதைத் தடுக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. பத்தரை மணிக்கு ஜன்னல் வழியாக "ஏலே, வா, வேன் நிக்கி" என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கொடைக் கமிட்டி அண்ணாச்சிமாரே. சுடலைமாடனுக்கும் முப்பிடாதி அம்மனுக்கும் கொடை நடக்கட்டும், வில்லுப்பாட்டு நடக்கட்டும். நானும் வரி கொடுத்து, வந்து கேட்டுவிட்டுத்தான் போகிறேன். மைக்செட் குழாய் ஒன்று பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கட்டியிருப்பதுதான் பிரச்சினை. நையாண்டி மேளம் கேட்டால் ஒன்றாம் வகுப்பு கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? மேசை உறுமியாகிவிடுகிறது. முதல் நாள் அந்தத் தாளத்திலேயே இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்ல வைத்துச் சமாளித்தேன், நன்றாகவும் வந்தது. இரண்டாம் நாள் அது எடுபடவில்லை. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். அதைச் சொல்லி ஊரைப் பகைத்துக்கொள்ள மாட்டேன். குழாயைக் குளத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், பகல் பன்னிரண்டரை வரை சத்தத்தைக் குறையுங்கள். சாமிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நோட்டும் பேனாவும் கொடுக்க வருகிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றரைக்கு வாருங்கள், பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தாதீர்கள், பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கொடுப்பதை வாங்கிக்கொள்ள நாங்கள் தயார்.

இத்தனையும் மற்றவர்களிடமே கேட்டுவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கரும்பலகையின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, ஒவ்வொரு வகுப்பும் எங்கே நின்றது என்று எழுதி வைக்கிறேன். யார் கூப்பிட்டாலும் முதலில் அதை எழுதிவிட்டுத்தான் நகர்வேன், திரும்பி வந்து "எங்கே விட்டோம்?" என்று தேடுகிற வேலை குறைகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டப்பா இருக்கிறது. அதில் புளியங்கொட்டையும் சொல் அட்டைகளும் பாதி எழுதிய வாக்கியங்களும் இருக்கும். நான் நகர்ந்தால் டப்பா திறக்கும். மலர் நிலைப் பிள்ளை ஒன்று அரும்புப் பிள்ளை இரண்டைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளும். என்னைவிடக் கண்டிப்பான ஆசிரியைகள் மூன்றாம் வகுப்பில் இருக்கிறார்கள். "டீச்சர் வர வரைக்கும் ஒருத்தரும் எந்திக்கக் கூடாது, கேட்டியா?" என்று ஒருத்தி மிரட்டுவதை நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். இதெல்லாம் ஐந்து நிமிடத்துக்குத் தாங்கும். பத்து நிமிடத்தில் புளியங்கொட்டை பறக்க ஆரம்பிக்கும்.

அந்த "பட்டம்" பையனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் பின்னால் ஒரு நாள் சேர்த்துப் படித்துவிட்டான், மதியச் சோறு போடுகிற வரிசையில், சத்துணவுப் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்து. நான் அப்போது பக்கத்திலேயே இல்லை. சத்துணவு அக்கா சொல்லித்தான் தெரியும். அதனால் இந்த மடலின் வாதம் கொஞ்சம் பலவீனப்படுகிறது என்று எனக்கே தெரிகிறது. ஆனால் அவனோடு இன்னும் இரண்டு பேர் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

வருகிற திங்கட்கிழமை முதல் பள்ளி வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு தகரப் பெட்டி தொங்கும். படிவம், கடிதம், புகார் எதுவானாலும் காலை ஒன்பது மணிக்குள் அதில் போடுங்கள். நாலு மணிக்குத் திறப்போம். எழுதத் தெரியாதவர்கள் காலை உணவு சமைக்கிற மகளிர் குழு அக்காவிடம் வாயால் சொன்னால் போதும், அவர் குறித்து வைப்பார், கேட்டுவிட்டேன். அலுவலகங்களுக்குத் தகரப் பெட்டி போதாது. நான் மேலே சொன்ன மூன்று மணிக் கணக்கை ஒரு மாதம் மட்டும் எங்கள் வட்டாரத்தில் நடத்திப் பாருங்கள். முடியாது என்றால், எதனால் முடியாது என்று குழுவிலேயே சொல்லுங்கள். மூன்று மணிக்கு மேல் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஈராசிரியர் பள்ளியின் இடைநிலை ஆசிரியை,
அம்பாசமுத்திரம் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.